கொடை வட்டமும் சிவபுண்ணியமும்

சிவமயம்

ஈதல் அறம் என்பதில் எச்சமயத்தார்க்கும் மாறுபாடு இல்லை. ஆயினும், எவ்வாறு ஈதல் வேண்டும், எந்நினைவோடு ஈதல் வேண்டும், ஈந்தபின் ஈந்தவன் நிலை யாது, ஏற்றவன் நிலை யாது என்னும் வினாக்களுக்கு விடை கூறுதல் எளிதன்று. சைவ சித்தாந்த நூல்களை ஓதியுணர்ந்தார்க்கும் இவ்வினாக்கள் ஒருகாற் கலக்கம் தருவனவே. அடியேற்கும் அக்கலக்கம் ஒருகால் நேர்ந்தது. அதன் வரலாற்றையும், அதனால் யான் தெளிந்த சிலவற்றையும் சைவ நன்மக்கள் திருமுன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்காலத்தே செல்வர் பலர் ஒருங்குகூடி அறஞ்செய்யும் முறையொன்று மேனாடுகளிலும் நம் நாட்டுப் பெருநகரங்களிலும் பரவி வருகின்றது. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இவ்வளவு என ஒரு தொகையைப் பொதுவில் வைப்பர்; வைத்தோர் அனைவரும் வட்டமாக அமர்ந்து, அதனை யார்க்கு, எவ்வழியில் வழங்குவது என ஆராய்ந்து துணிவர். ஒரு குடும்பத்திற்கு ஒருநாட் சோறு இட்டு அமைதல் இவர்தம் நோக்கமன்று. அக்குடும்பம் வறுமையினின்றும் முற்றக் கரையேறுங்காறும் துணைநிற்றலே நோக்கமாம். இதனைக் கொடை வட்டம் என வழங்குதல் பொருந்தும்.

காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த எம் நாட்டுப்புறத்திற்கு இம்முறை முற்றும் புதியதன்று. சுவீடன் நாட்டார் சிலருடைய முயற்சியிற் கிளைத்து, 2002ஆம் ஆண்டு முதல் காஞ்சிபுரத்தில் தொண்டாற்றி வரும் 'ஹேண்ட் இன் ஹேண்ட்' என்னும் அறநிலையம், பட்டுத்தறிகளிற் கட்டுண்ட சிறார்களை மீட்டுப் பள்ளியிற் சேர்க்கும் பணியிற் புகுந்து, பின்னர் மகளிர் சுயஉதவிக் குழுக்களை வளர்த்தது. கொடையாளர் ஒரு சிற்றூரையே தம் பொறுப்பில் ஏற்று, அவ்வூர் தன் காலில் நிற்கும்வரை பொருளுதவி செய்யும் வழியையும் அது வகுத்தது. கடல்கடந்த நாட்டார் பொருள் எம்மூர்ப் பக்கத்துக் குடிசைகளுக்கு ஒளியாதல் கண்டு யான் உவந்ததுண்டு. நம்மவர் செய்யத் தவறியதைப் பிறர் செய்ய நேர்ந்ததே என நாணியதும் உண்டு.

இனி என் கலக்கத்தின் வரலாறு கூறுவேன். சில ஆண்டுகளுக்கு முன், வாலாஜாபாத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் நல்லோர் சிலர் இவ்வாறு கூடிப் பொருள் திரட்டினர். ஏழைக் குடும்பங்கள் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தையற்பொறி வழங்குவதென முடிவாயிற்று. அக்குடும்பங்களை அறிந்தவன் என்ற முறையில், பெயர்ப்பட்டி எழுதித் தருமாறும், வழங்கும் விழாவில் ஈகையின் சிறப்பைப் பற்றிச் சொற்பொழிவு செய்யுமாறும் என்னை வேண்டினர். யானும் மகிழ்ந்து இசைந்தேன்.

பட்டியிற் சேர்த்த குடும்பங்களுள் ஒன்று கணவனை இழந்த ஒரு நெசவுக்காரப் பெண்ணினுடையது. அவ்வம்மையார் விழாவிற்கு இருநாள் முன்னர் என் இல்லத்திற்கு வந்து, திண்ணைக்குக் கீழே நின்றவாறே, "ஐயா, எனக்குத் தையல் தெரியாதுங்க, தறிதான் தெரியும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழுத்தை நெரிக்கிறது. அது தீர்ந்தால், மகளைத் தறியை விட்டு எடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடுவேன். பெரியவர்களிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலை நெய்வதற்கு எதிர்ப்பக்கம் இருந்து உதவ மற்றொரு கை வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க இயலாதார் வீட்டில் அக்கை பெரும்பாலும் பிள்ளையின் கையே. முன்பணம் வாங்கியவர், அது தீருமளவும், கொடுத்தவர்க்கே நெய்தல் வேண்டும். கூலி குறைவென்று வேறிடம் செல்லவும் ஒண்ணாது. இவையெல்லாம் யான் அறியாதன அல்ல. ஆயினும், "அம்மா, பட்டி அச்சாகிவிட்டது, பொறிகளும் வந்திறங்கிவிட்டன. நல்ல உள்ளத்தோடு கொடுப்பதை மறுத்தல் ஆகாது, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பெரியோரிடம் ஒரு சொல்லும் சொல்லினேன் அல்லேன். விழா குலைந்துவிடும் என்ற அச்சம் ஒருபுறம். என் சொற்பொழிவு நின்றுவிடும் என்ற ஆசை ஒருபுறம். இரண்டாவதை இன்று மறைப்பதிற் பயனில்லை.

விழா நடந்தது. அவ்வம்மையார் மேடையேறித் தலை கவிழ்ந்து நின்று பொறியை ஏற்றார். நிழற்படம் எடுத்தனர். யான் ஈகையின் பெருமையை ஒரு நாழிகை விரித்துரைத்தேன். அரையாண்டு செல்லுமுன் அப்பொறி அடகுக் கடைக்குச் சென்றது. முன்பணம் நின்றபடியே நின்றது. அப்பெண்குழந்தையும் தறியடியிலேயே இருந்தது. கொடுத்தார் பொருளும் மெய்; அவர்தம் அன்பும் மெய். அவ்வாறிருந்தும் அறம் நிகழவில்லை. இது யாங்ஙனம் ஆயிற்று என்பதே என்னைக் கலக்கிய வினா.

முதற்கண், "வறுமை அவரவர் முன்வினைப் பயன், அதனை மாற்றப் புகுதல் இறைவன் ஆணைக்கு மாறாகும்" என்று கூறி இவ்வினாவையே ஒதுக்குவார் நம்மவருள்ளும் உளர். இஃது சித்தாந்தம் அன்று. சித்தாந்தத்தின் பெயராற் சோம்பலைப் போற்றுதல். வினை அறிவற்றது, தானே சென்று தன் பயனைச் செய்தவனிடம் சேர்க்கமாட்டாது. சேர்ப்பவன் இறைவன். அவன் எவ்வாயிலாகச் சேர்ப்பான் என்பதை வரையறுக்க நாம் யார்? ஒருவன் பசித்திருத்தல் அவன் வினைப்பயனாயின், அவன் பசி என் கையால் இன்று தீர்தலும் அவன் வினைப்பயனாகலாம் அன்றோ? கையை மடக்கிக்கொள்வேனாயின், அவன் வினை கழிந்ததோ இல்லையோ, என் வினை ஏறியது என்பது மட்டும் உறுதி.

இதற்குத் தக்க சான்று ஆளுடைய பிள்ளையார் வரலாற்றிலேயே உளது. கொங்குநாட்டுத் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது, இது இந்நாட்டின் இயல்பு என்று அவர் வாளா இருந்தாரல்லர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச்செய்தார். முன்வினைக்கு இது பயன் என்று சொல்லி உய்யும் வழியை நாடாதிருத்தல் குற்றமாம் என்பதே அப்பதிகத்தின் தொடக்கத்திற் பொதிந்த கருத்தாகும். வினையின் இயல்பை அவரினும் அறிந்தார் யார்? அவரே அவ்வாறு அருளினார் எனின், நமக்கு வேறு சொல்லிற்று வேண்டா.

அற்றேல், கொடுப்பது நன்று. கொடுத்தது பயன்படாது போயினமைக்குக் காரணம் யாது? கொடையோடு 'யான்', 'எனது' என்னும் இரண்டும் உடன் சென்றமையே காரணம் என்க. நல்வினையும் தீவினையும் ஆகிய இரண்டும் விலங்குகளே. ஒன்று பொன்விலங்கு, மற்றொன்று இரும்புவிலங்கு என நம் ஆசிரியன்மார் உணர்த்துவர். யான் ஈந்தேன் என்னும் முனைப்போடு செய்யும் நல்வினை பசுபுண்ணியமாய், நுகர்ந்து கழிந்துபோம். உயிர்தோறும் இறைவன் உறைதலை உணர்ந்து, அவன் பொருளை அவனுக்கே அவன் திருவருளால் அளிக்கின்றேன் என்னும் நினைவோடு செய்வது சிவபுண்ணியமாய், ஞானத்திற்கு வாயிலாம். உயிர்கட்கு இதஞ்செய்தலே புண்ணியம், அகிதஞ்செய்தலே பாவம் எனச் சிவஞான சித்தியார் வகுத்தமையும் கருதத்தக்கது. எனவே, இதம் எது என்பதனைக் கொடுப்பவன் விருப்பம் கொண்டு துணிதல் ஆகாது; ஏற்கும் உயிரின் நிலை கொண்டே துணிதல் வேண்டும்.

தனித்து ஈவதினும் பலர் கூடி ஈவது இம்முனைப்பை அறுத்தற்கு எளிதாகும். பொதுவில் வைத்த பொருளுள் இன்ன காசு இன்னார்க்கு உரியது என்று பிரித்தறிதல் இயலாது. ஆகவே 'எனது' என்பது தளர்கின்றது. ஆனால் ஓர் இடர் உண்டு. 'யான்' தேய்ந்த இடத்தில் 'யாம்' என்பது முளைத்து, ஒருவர் முனைப்பினும் பதின்மடங்கு பருத்து நிற்றல் கூடும். யான் கண்ட விழாமேடையில் நிகழ்ந்தது அதுவே. ஒருவர் தனித்து வந்திருப்பின் அவ்வம்மையார் சொல்லைக் கேட்டிருப்பர். பலர் கூடிய அவைக்கோ அச்சிட்ட பட்டியே பெரிதாயிற்று. அப்பட்டிக்கு யானும் காவலன் ஆனேன்.

இவ்விடரினின்றும் நீங்கும் வழியை வேற்று நாட்டில் தேடவேண்டா. எம் காஞ்சிபுரத்திலேயே வாழ்ந்து முத்தியடைந்தவர் திருக்குறிப்புத்தொண்ட நாயனார். அடியார்தம் உடையை ஒலித்துக் கொடுத்தல் அவர் தொண்டு. அவர் பெயர்க்குக் காரணமாகச் சேக்கிழார் பெருமான் உணர்த்துவது அவர் கொடுத்த பொருளின் அளவை அன்று. அடியார்தம் உள்ளக்குறிப்பை அறிந்து செய்த பண்பையே. குளிர்காலத்தில் அழுக்கேறிய கந்தையோடு வந்த ஏழை அடியவர்க்குப் புத்தாடை ஒன்றை எறிந்துவிட்டு அவர் போய்விடவில்லை. அவருடைய கந்தையையே வாங்கி, பொழுது சாயுமுன் தருவதாக உறுதி கூறினார். பெருமழை பிடித்து, ஈரம் புலராது, பொழுதும் சாய்ந்தபோது, அவ்வேழையின் உடல் குளிரால் நடுங்குமே என்பதனைப் பொறாது தம் தலையைக் கல்லில் மோதினார். அத்தலையைத் தடுத்துப் பிடித்தது இறைவன் திருக்கை. கொடை வட்டத்தார் ஒவ்வொருவரும் நாள்தோறும் நினைக்கத்தக்க வரலாறு இது. ஏற்பவர் குறிப்பு அறியாத கொடை எத்துணைப் பெரிதாயினும் குறைவுடையதே.

அடுத்து, கொடுத்த பொருளுக்குக் கணக்கு வேண்டும். எம்மூரினின்றும் தெற்கே உள்ள உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழர் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரித்துரைத்தல் பலரும் அறிந்ததே. முப்பது குடும்புகளினின்றும் தெரிந்தெடுத்தோருள் ஆட்டை வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர் என அமைத்தனர். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது ஒழிந்தார் மீளவும் தகுதி பெறார். அவர்தம் நெருங்கிய உறவினரும் பெறார் என வகுத்தமை அவ்வூரார் பொதுப்பொருளை எவ்வாறு போற்றினர் என்பதைக் காட்டும். அவ்வூர் வயிரமேக தடாகத்திற்கு அறஞ்செய்ய விரும்பினார் பொன்னைச் சபையார் கையிற் கொடுத்தனர். அப்பொன்னின் வட்டியைக்கொண்டு ஆண்டுதோறும் ஏரியில் வண்டல் வாருவதாகச் சபையார் ஒப்புக்கொண்டனர். முதல் அழியாது நிற்கப் பயன் மட்டும் ஊர்க்குச் செல்லும் கொடை வட்டம் அஃது என்னலாம்.

ஆயினும் உண்மையை முழுதும் சொல்லல் வேண்டும். கால்வேலி இறைநிலமும் சொந்த மனையும் உடையாரே அவ்வோலையிற் பெயர் பெறுதற்கு உரியர். நிலம் குறைந்தார்க்கு வேதக்கல்வி மிகுதி ஈடுசெய்யும். ஏரியில் வண்டல் வாரியவர் அவ்வட்டத்துள் அமர்ந்தாரல்லர். கணக்கைப் போற்றிய அம்முறையை நாம் கொள்க. கதவை அடைத்த அம்முறையைக் கொள்ளற்க. கணக்கைக் கொடுத்தார்க்கு மட்டும் காட்டினாற் போதாது. ஏற்றார்க்கும் காட்டுதல் வேண்டும். அவர்தம் வாழ்வே அக்கணக்கின் பொருளாதலின்.

மூன்றாவது, கொடைக்கு முடிவு வேண்டும். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்துற்றபோது, அப்பரடிகளுக்கும் ஆளுடைய பிள்ளையார்க்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அருளினான். அவ்விருவரும் அதனைத் தமக்கென வையாது அடியார் அனைவர்க்கும் அமுதூட்டினர். அப்பர் பெற்ற காசு வட்டமின்றிச் செல்ல, பிள்ளையார் பெற்றது முதலில் வட்டம் கொடுத்து மாற்றவேண்டியதாயிற்று. அப்பரடிகள் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தமையே இவ்வேற்றுமைக்குக் காரணம் என்று பெரியோர் கூறுவர். பொருளை மட்டும் தந்து விலகி நிற்போரினும், கையாலும் உழைப்போர் கொடை குறைவின்றிச் செல்லும் என்பது ஈண்டு நமக்குப் படிப்பினையாம். மழை பெய்து நாடு செழித்தபின் படிக்காசு நின்றது. இருவரும் பிற தலங்களை வணங்கச் சென்றனர். பஞ்சம் நீங்கிய பின்னும் படிக்காசு நீண்டிருப்பின், ஊரார் உழவை மறந்திருப்பர். அருள் பெற்றார் என்னும் நிலை கையேந்துவார் என்னும் நிலையாகத் திரிந்திருக்கும்.

நான்காவதும் தலையாயதுமான அளவுகோல், ஏற்றவர் ஈபவர் ஆதல். காஞ்சியில் அம்மையார் இருநாழி நெற்கொண்டு முப்பத்திரண்டு அறமும் வளர்த்தார் என்பது புராணம். இருநாழி நெல் உண்டு தீர்ப்பதற்கன்று, விதைத்து வளர்ப்பதற்கு. அம்முப்பத்திரண்டனுள் விலைகொடுத்து உயிர்காத்தல் என்பதும் ஒன்று. அதனைக் கொலைக்குச் செல்லும் விலங்கை மீட்டல் என்று மட்டும் கருதி அமைகின்றோம். 2019ஆம் ஆண்டு ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் விறகு வெட்டும் இடங்களிற் சிறுகடனுக்குக் கொத்தடிமைகளாய்க் கிடந்த 42 பேரை அரசு அலுவலர் மீட்டனர். முதியவர் ஒருவர் அலுவலரின் காலில் விழுந்த படத்தை நாடே கண்டு கலங்கியது. கொத்தடிமை முறையைச் சட்டம் 1976லேயே ஒழித்திருந்தும், எம் வாயிலண்டையில் அது நிலவியது. மீட்டது சட்டம், மீட்ட உயிர் மீண்டும் கடனில் வீழாது காத்தல் யார் கடன்? அம்மையார் அறம் வளர்த்த நாட்டில் வாழும் நம் கடனே என்பேன்.

ஏற்றவர் ஈபவர் ஆதற்கு விருதுநகர் நல்ல சான்று. அங்கு நாடார் குலத்து வணிகர் தம் வாணிகத்தில் ஒருபகுதியை மகமை என்று பொதுவில் வைத்து ஊர்க்கு வேண்டுவன செய்தனர். ஒவ்வொரு வீட்டிலும் உலையில் இடுமுன் ஒருபிடி அரிசியை எடுத்து வைத்துப் பள்ளிக்கு அளித்தனர். பிடியரிசி இட்டவருள் செல்வரும் உளர், வறியரும் உளர். இன்னார் ஈவார், இன்னார் ஏற்பார் என்னும் வேறுபாடு அவ்வரிசியில் இல்லை. அவ்வாறு நடந்த சத்திரிய வித்தியாசாலையில் தந்தையை இழந்த சிறுவர் ஒருவர் சிலகாலம் பயின்றார்; வறுமையாற் படிப்பைத் தொடர்ந்தாரல்லர். அவரே பின்னர் 1954 முதல் 1963 வரை சென்னை மாநில முதலமைச்சராய் விளங்கிய காமராசர். 1956இல் அவர் பள்ளிச் சிறார்க்கு மதிய உணவு அளிக்கும் திட்டத்தை விரிக்கத் தொடங்கியதை நினைக்குங்கால், ஊரார் இட்ட பிடியரிசி நாடளாவப் பெருகியதாகவே எனக்குத் தோன்றுகின்றது.

இனி எம்மூர் வரலாற்றின் எச்சத்தையும் கூறி முடிப்பேன். பொறி அடகு சென்ற செய்தி அறிந்தபின், யான் அவ்வம்மையார் இல்லத்திற்குச் சென்று என் பிழையை ஒப்புக்கொண்டேன். பின் அக்கொடையாளரிடமும் சென்று, "பட்டி எழுதியவன் யான், அவர் சொன்னதை மறைத்தவனும் யான்" என்றேன். அவர்கள் சினந்தாரல்லர். அவருள் மூத்தவர் ஒருவர், "புலவரையா, நாங்களும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை" என்றார். அடுத்த ஆண்டு மேடையும் இல்லை, நிழற்படமும் இல்லை. இருவர் இருவராய் வீடுகட்குச் சென்று, தரையில் அமர்ந்து, வேண்டுவது யாது என்று கேட்டனர். அவ்வம்மையார் முன்பணம் தீர்ந்தது. பாவும் ஊடையும் தாமே வாங்கி நெய்தற்குச் சிறிது முதலும் கிடைத்தது. மகள் பள்ளிக்குச் சென்றாள்.

மூன்றாண்டு கழிந்து ஒரு தைத்திங்களில் அவ்வட்டம் கூடியபோது அவ்வம்மையாரும் வந்தார். முந்தானையில் முடிந்திருந்த இருநூறு ரூபாயை எடுத்துப் பொதுவில் வைத்து, "பக்கத்துத் தெருவில் ஒரு வீடு இருக்கிறதுங்க, அதையும் பார்க்க வேண்டும்" என்றார். அன்று அவர் கீழே நிற்கவில்லை. எல்லாரோடும் ஒக்க அமர்ந்திருந்தார். தொகைகளை எழுதும் பொறுப்பு என்னுடையது. ஆயிரங்களும் இலட்சங்களும் எழுதிய அவ்வேட்டில் இருநூறு என்று எழுதும்போது என் கை சற்றே நின்றது. யான் ஒரு நாழிகை சொற்பொழிந்து உணர்த்தமாட்டாததை அவ்வம்மையார் ஒரு சொல்லில் உணர்த்திவிட்டார்.

அடியேன் இளமையிற் சோழநாட்டு மடம் ஒன்றில் உண்டு, உறைந்து, தமிழும் சாத்திரமும் கற்றவன். யாரோ எழுதிவைத்த நிலத்தின் நெல் என் உடம்பாயிற்று. அவர் பெயரும் யான் அறியேன். அச்சோற்றை உண்டவன் ஏழையை மேடையில் தலைகவிழ வைத்தான் என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் குன்றுகின்றது. செல்வம் உடைய சைவ நன்மக்கள் கூடுக, பொதுவில் வைக்க, குறிப்பறிந்து ஈக, கணக்குக் காட்டுக, காலம் வந்துழி விலகுக, ஏற்றார்க்கு வட்டத்தில் இடந்தருக. ஏரியில் வண்டல் ஏறினால் நீர் நில்லாது. உள்ளத்தில் 'எனது' ஏறினால் அருள் நில்லாது. ஆண்டுதோறும் இரண்டையும் வாருதலே அறம். அதற்கு அம்மையப்பர் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்